அறவீரனுக்கு ஒரே கட்டம்

போன சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவில் நான் ஏன் எழுந்து போனேன் என்று ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டீர்கள். வயிற்றுவலி என்றேன். வயிற்றில் ஒன்றுமில்லை. பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை வளர்க்கும் நம் ஆட்டத்தில் நான் எப்போதும் கள்ளி, திருட்டுக்காரி பாத்திரம் எடுப்பவள், பொய் எனக்குச் சுலபம். ஆனால் இது நீங்கள் வாசிக்கத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நெல்லியடிச் சந்திக்குப் பக்கத்து மாடி அறை, வெளியே மழை, மேசையில் ரோல்ஸ் பொட்டலம். புதிதாகச் சேர்ந்த தங்கச்சி, ஆட்டச் சட்டப் புத்தகத்தின் புதிய பதிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, தான் அறவீரனாகப் போவதாகச் சொன்னாள். கவசமும் வாளும் தெய்வத்தின் அருளும் உள்ள போர்வீரன். "முந்தியெண்டா அறவீரன் நல்லவனாத்தான் இருக்கவேணுமாம். இப்ப அந்தச் சட்டத்தை எடுத்திட்டாங்கள்" என்றாள். வங்கியில் வேலை செய்கிற நம் நண்பன் உடனே, "ஓம், அந்தக் காலத்து அறவீரன் பாவம். ஒரு பொய் சொன்னாப் போதும், வேலையும் போச்சு, பென்சனும் போச்சு" என்றான். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அவள் அடுத்த வரியை வாசித்தாள்: கைவைத்துக் குணமாக்கும் வலு.

என்னை எழுப்பியது அந்த வரிதான். எனக்குள்ளே வேறு வேறு இடத்தில் வருடக்கணக்காகக் கிடந்த இரண்டு விஷயங்கள், ஒரு அழிறப்பரும் ஒரு தலையிடியும், ஒன்றோடொன்று போய் முட்டின. எழுந்து போய்ப் படிக்கட்டில் இருந்தேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. சண்டை முடிந்து சில வருடங்கள். கரவெட்டியில் எங்கள் ஒழுங்கைக்குள் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் யாரோ பாதி கட்டிவிட்டு விட்ட வீடு ஒன்று இருந்தது. கூரை இல்லை. ஒரு அறைக்கு மட்டும் கொங்கிறீட் தட்டுப் போட்டிருந்தார்கள். அந்த அறையில்தான் நாங்கள் விளையாடினோம். ஈரச் சீமெந்து மணம், வௌவால் மணம், சுவரில் யாரோ மேசன் கரியால் எழுதிவிட்டுப் போன அளவுகள். ஐப்பசி மழை தொடங்கினால் கூரையில்லாத கூடத்தில் தண்ணீர் நின்று தவளை கத்தும்.

ஆட்டத்தை நடத்தியவர் அடுத்த ஒழுங்கை அண்ணை. உயர்தரச் சோதனை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருந்தவர். கனடாவிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வந்த பார்சலில், பழைய ஜக்கெட்டுகளுக்கும் சவர்க்காரக் கட்டிகளுக்கும் நடுவே, அட்டை கிழிந்த அந்தப் புத்தகம், இதே ஆட்டத்தின் பழைய பதிப்பு, வந்தது. எத்தனை மாதம் போனாலும் சவர்க்காரம் மணக்கும் புத்தகம். கூடவே நீல நிறத்தில் ஒரேயொரு இருபது பக்கப் பகடை. மற்றப் பகடைகளுக்கு என்ன செய்தோம் என்று கேட்கிறீர்களா? புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிக் குலுக்கிப் போட்டோம். அரக்கனைப் புளியங்கொட்டையால் கொன்ற பரம்பரை நாங்கள்.

மூன்று பேர். அண்ணை, நான், என் மச்சான். மச்சான் என் அம்மாவின் தம்பியுடைய மகன், என்னைவிட ஒரு வயது இளையவன். மாமா கட்டாரில் கட்டட வேலை. மாமியும் மச்சானும் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருந்தார்கள். நான் கள்ளி என்று ஏற்கெனவே சொன்னேன். அவன் அறவீரன்.

நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அண்ணை ஒன்பது கட்டம் கீறினார். மேலே நெறிக்கு அடங்குகிறவர்கள், கீழே அடங்காதவர்கள். ஒரு பக்கம் நல்லவர்கள், மறுபக்கம் கெட்டவர்கள். நடுவில் இரண்டிலும் சேராதவர்கள். ஆட்டத்தில் வரும் ஒவ்வொருவரும் ஒரு கட்டத்துக்குள் நிற்க வேண்டும். நாங்கள் முதலில் ஊரைத்தான் அடைத்தோம். ரியூசன் வாத்தியார், நெறி உண்டு, நன்மை இல்லை. மீன்காரர், நன்மை உண்டு, நெறி சுத்தமாக இல்லை. எங்கள் வீட்டு நாயை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை.

"இவள் எந்தக் கட்டத்திலையும் நிக்கலாம்" என்று என்னைக் காட்டினார் அண்ணை. பிறகு மச்சானைப் பார்த்தார். "நீ மட்டும் இந்த மூலையிலை. நெறியும் வேணும், நன்மையும் வேணும். அறவீரனுக்கு ஒரே கட்டம். அதை விட்டு வெளியிலை கால் வைச்சியோ, வலு எல்லாம் போயிடும்."

"அங்கை வேற ஆரும் இல்லையோ?"

"ஆர் வரப்போறாங்கள்? நீ தனியத்தான்."

மச்சான் பென்சிலை வாங்கி, அந்த மூலைக் கட்டத்துக்குள் தன் பெயருக்குப் பக்கத்தில் "அம்மா" என்று எழுதினான்.

"டேய், உன்ரை கொம்மா ஆட்டத்திலை இல்லையடா."

"இல்லாட்டிலும் அவ அதுக்குள்ளைதான்" என்றான். விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு வந்த வாரங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. அவன் நிஜத்திலும் அறவீரனாகிவிட்டான். ரியூசனில் வாத்தியார் கேட்காமலே எழும்பி, "சேர், நாலாங் கணக்கு நான் பாத்து எழுதினது" என்றான். என் அம்மா வைத்த குழம்பைப் பற்றி உண்மையைச் சொல்லி, அடுத்த முறை அவனுக்குத் தேத்தண்ணி மட்டுமே கிடைத்தது. மாமி வீட்டுக்கு அடிக்கடி வரும் ஒரு அக்காவிடம், "நீங்கள் வந்தா லேசிலை எழும்பமாட்டியள் எண்டு அம்மா சொன்னவ" என்றான். அந்த அக்கா ஒரு மாதம் வரவில்லை. மாமி அவனை அடிக்கக் கை ஓங்கி, அடிக்க முடியாமல் சிரித்து, எங்கள் கிணற்றடியில் வந்து சொன்னா: "என்ரை பிள்ளைக்குப் பொய் வராது. வாயிலை வராது. என்ன செய்ய?" அதைச் சொல்லும்போது மாமியின் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

கைவைத்துக் குணமாக்கும் வலுவையும் அவன் நிஜமாக்கிக்கொண்டான். மாமிக்கு ஒற்றைத் தலையிடி. வந்தால் வெளிச்சம் பார்க்க ஏலாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பா. அவன் போய் நெற்றியில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அண்ணை சொல்லிக்கொடுத்தபடி ஏதோ முணுமுணுப்பான். "குளிருதடா. இன்னும் எப்பன் நேரம் வைச்சிரு" என்பா மாமி. ஆட்டம் என்று மாமிக்குத் தெரியாது. பிள்ளைக்குப் பாசம் என்று நினைத்தா. இரண்டும் ஒன்றுதானே.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம், ஏழாம் நாள் காலை விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை. அதை ஆறு வருடம் தொடர்ந்து பிடித்தால்தான் நேர்த்தி நிறைவேறும். மாமா கட்டாருக்குப் போன வருடம் மாமி தொடங்கினது. மனிசன் சுகமாக வீடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல். அது ஆறாவது வருடம். இந்தச் சஷ்டியோடு நேர்த்தியும் முடிகிறது, தையோடு மாமாவின் ஒப்பந்தமும் முடிகிறது. மாமி கையில் தர்ப்பைக் காப்பு, வயிற்றில் மிளகும் தண்ணீரும், நாள் முழுக்கக் கோயில். தொலைபேசி மச்சானிடம்.

இரண்டாம் நாள் பின்னேரம் மச்சான் மழைக்குள் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். கட்டாரில் மாமாவோடு ஒரே அறையில் இருந்தவர் தொலைபேசி எடுத்திருக்கிறார். பெரிய ஆள் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டாராம். இவன் உண்மையைச் சொன்னான், இல்லை என்று. அந்த மனிதர் அழுதுகொண்டே அவனிடமே சொல்லிவிட்டார். மாமா காலையில் வேலைக்கு எழும்பவில்லை. நித்திரையிலேயே போய்விட்டார்.

அம்மா நிலத்தில் இருந்துவிட்டா. தன் தம்பி. வாயைச் சேலைத் தலைப்பால் அடைத்துக்கொண்டு அழுதா. சத்தம் ஒழுங்கைக்குக் கேட்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் பெரிய மாமா வந்தார், அம்மாவின் மூத்த தமையன், குடும்பத்தில் எதையும் தீர்க்கிறவர். கதவைச் சாத்தச் சொன்னார். மச்சானும் நானும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றோம்.

"இப்ப சொன்னாச் செத்தவீட்டுத் துடக்கு, கோயில் வாசல் மிதிக்கேலாது. காப்பைக் கழட்டவேணும். ஆறு வருசமும் வீண்" என்றார் பெரிய மாமா. "துடக்கு காதிலை விழுந்தாத்தான். விழாமப் பாப்பம். அவள் முடிக்கட்டும்."

"முடிச்சு என்னண்ணை வரப்போகுது இனி?" என்றா அம்மா.

அவர் விரல் மடித்து நாள் எண்ணினார். "பெட்டி வர எப்பிடியும் ஒரு கிழமைக்கு மேலை செல்லும். பாறணை முடியச் சொல்லுவம்."

"வெள்ளிக்கிழமை அவன் எடுப்பான் எண்டு பாத்துக்கொண்டிருப்பாள். என்னைக் கேட்டா நான் என்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

பெரிய மாமா திரும்பினார். அந்தத் திரும்பலை நான் மறக்கவில்லை. மூட்டைக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக் கை நீட்டினார்.

"உவன் சொல்லட்டும். உவன் பொய் சொல்லமாட்டான் எண்டு ஊருக்கே தெரியும். உவன் சொன்னா நம்புவள்."

பிறகு குனிந்து, மெல்லிய குரலில், அன்பாகவே சொன்னார்: "அப்பன், கொம்மாவுக்காகத்தான். நீ பெரிய பிள்ளை. சாமிக் காரியம் இது." மச்சான் தலையாட்டினான். அவன் இன்னும் அழவே தொடங்கவில்லை. அழக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள், கண் சிவந்தால் தாய் கண்டுபிடிப்பா.

அந்த வெள்ளிக்கிழமை நான் பக்கத்தில் நின்றேன். மாமி கோயிலால் வந்து படியில் இருந்தா. உதடு வெடித்திருந்தது.

"அப்பா எடுத்தவரோ, ராசா?"

"ஓம் அம்மா. நீங்கள் கோயிலிலை நிக்கேக்கை."

"என்னவாம்?"

இதற்கு யாரும் அவனுக்கு வசனம் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. "விரதத்தை வடிவாப் பிடிக்கட்டாம். தான் வந்திடுவாராம்."

மாமி சிரித்தா. நாலு நாளாக ஒன்றும் தின்னாத முகம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அந்தாள் என்ரை விரதத்தைப் பற்றி இண்டைக்குத்தான் முதல்முதல் கதைச்சிருக்கு" என்றா. அந்த ஒரு வசனத்தில்தான் மிச்ச நாள் மாமி எழும்பி நடந்தா.

ஒரு விஷயத்தைப் பெரியவர்கள் யோசிக்கவே இல்லை. காதில் விழுந்தால்தான் துடக்கு என்றால், இவன் காதில்தானே முதலில் விழுந்தது? எங்கள் அம்மா மாதவிலக்கு என்று சொல்லிக் கோயிலுக்குப் போகாமல் இருந்தா. பெரிய மாமா காய்ச்சல் என்றார். இவனுக்கு மட்டும் ஒரு சாட்டும் கொடுக்கவில்லை. தாயைக் கூட்டிக்கொண்டு போய் வரும் வேலை அவனுக்கு. "மச்சாள், நான் உள்ளை போகேலுமோ?" என்று என்னைக் கேட்டான். எனக்கு என்ன தெரியும்? அவன் வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடக்கும் இடத்தில், மழை தூற நின்றான். மாமி திரும்பித் திரும்பிக் கூப்பிட்டா. விளையாட்டுப் புத்தி என்று கோபப்பட்டா.

அடுத்த நாள் சனிக்கிழமை. பாதி வீட்டில் ஆட்டம். அண்ணைக்கு ஒன்றும் தெரியாது, அவர் அடுத்த ஒழுங்கை. வாய் திறக்கக் கூடாது என்று எனக்கும் சத்தியம் வாங்கியிருந்தார்கள். அன்று கதையில் நாங்கள் ஒரு பாலத்தருகே நின்றோம். மச்சான் பகடையை எடுக்கவில்லை.

"அண்ணை, அறவீரன் பொய் சொன்னா?"

"விழுந்தான்."

"பெரியாக்கள் சொல்லச் சொல்லிச் சொன்னா?"

"கட்டளைக்குச் செய்தாலும் செய்தது செய்ததுதானே."

"ஒராளைக் காப்பாத்தச் சொன்னா?"

அண்ணைக்கு உற்சாகம் வந்துவிட்டது. இப்படிக் கேள்வி கேட்கும் பிள்ளைகள் கிடைக்கமாட்டார்களா என்று ஏங்கிய மனிதர். பக்கத்தைப் புரட்டி, விரலால் வரியைத் தடவி வாசித்து மொழிபெயர்த்தார். "இஞ்சை பார். தெரியாமச் செய்தா பரிகாரம் இருக்கு. தெரிஞ்சு செய்தா இல்லை. வலு திரும்பி வராது. ஒருநாளும்."

மச்சான் அழிறப்பரை எடுத்தான். தன் தாளில் ஒவ்வொன்றாக அழித்தான். தீமையை உணரும் வலு. நோய் அண்டாத வலு. கைவைத்துக் குணமாக்கும் வலு. அதை அழிக்கும்போது தாள் கிழிந்தது. பிறகு நாள்காட்டித் தாளை இழுத்து, மூலைக் கட்டத்தில் தன் பெயரை மட்டும் அழித்தான். "அம்மா" தனியே நின்றது.

"டேய், என்னடா செய்யிறாய்? கதையிலை நீ இன்னும் ஒரு பொய்யும் சொல்லேல்லையே!" என்றார் அண்ணை.

நீலப் பகடையை யன்னல் கட்டில் வைத்துவிட்டு அவன் மழைக்குள் போனான். பிறகு நாங்கள் தேடியபோது பகடை அங்கே இல்லை. அந்த வீட்டை இப்போது முழுதாகக் கட்டி, மாபிள் போட்டு, பூட்டி வைத்திருக்கிறார்கள்.

சூரன்போர் முடிந்தது. மறுநாள் பாறணை. மாமி தலைமுழுகிக் கோயிலுக்குப் போய் வந்து, சோறும் கறிகளும் தின்று கை கழுவும்வரை பெண்கள் எங்கள் வீட்டு விறாந்தையில் காத்திருந்தார்கள். பெரிய மாமா போய்ச் சொன்னார். மாமி அவரைப் பார்க்கவே இல்லை. மகனைத்தான் பார்த்தா.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அம்மா" என்றான். அறவீரன் அல்ல அவன் அப்போது. ஆனாலும் அதை உண்மையாகச் சொன்னான்.

"நீயுமோடா?"

அதற்குப் பிறகுதான் ஒப்பாரி எழுந்தது. பெட்டி வந்தது, திறக்க விடவில்லை. அவற்றை நான் எழுதப்போவதில்லை.

மாமி சஷ்டி விரதம் பிடிப்பதில்லை இப்போது. அந்த ஆறு நாளிலும் வேண்டுமென்றே மீன் வாங்குவா. மச்சான் கிளிநொச்சியில் வேலை. மாதம் தவறாமல் அனுப்புகிறான், திவசத்துக்கு வருகிறான், ஒரு இரவு நின்றுவிட்டுப் போகிறான். எதைக் கேட்டாலும் அவனுக்கு ஒரு பதில்தான்: "தெரியாது." சாப்பாடு எப்படி, தெரியாது. எப்ப வருவாய், தெரியாது. ஊரில் அவனை ஊமைக் கோட்டான் என்கிறார்கள். அன்றைக்குத் தெரியாமல் இருந்தவர்கள் மட்டும்தானே சுத்தமாக இருந்தார்கள்.

போன வருடச் சஷ்டியில் நான் மாமி வீட்டுக்குப் போனேன். மாமி சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டே சொன்னா: "அந்தப் பொய்யை நான் பொறுத்திருப்பன், பிள்ளை. சின்னப் பெடியன், சொல்லிக்குடுத்தவங்கள். ஆனா அவனுக்கு அப்பவே நெஞ்சு கல்லாப் போச்சு. சூரன்போருக்கு முதல்நாள் எனக்குத் தலை பிளக்குது. வழக்கமா ஓடிவந்து கை வைக்கிறவன். 'கையை வையடா மோனை' எண்டு கெஞ்சிறன். ரெண்டு கையையும் பின்னாலை கட்டிக்கொண்டு நிக்கிறான். என்ரை மூஞ்சையைப் பாக்கேல்லை. தொடவும் மனமில்லை அவனுக்கு. அண்டைக்கே நான் அவனை இழந்திட்டன்."

நான் கேட்டேன், தலையாட்டினேன், தேத்தண்ணி குடித்தேன், வந்துவிட்டேன். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

சூரன்போருக்கு முதல்நாள். அந்தச் சனிக்கிழமை. தாள் கிழிய அழித்துவிட்டு நேரே வீட்டுக்குப் போயிருக்கிறான். வலு இல்லாத கையை வைத்தால் அது இன்னொரு பொய். தாய்க்கு அதற்கு மேலும் ஒரு பொய் சொல்லக்கூடாது என்று, பதினொரு வயதுப் பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான்.

இதுதான் போன சனிக்கிழமை படிக்கட்டில் எனக்கு விளங்கியது. தங்கச்சி, நீ புதிய பதிப்பின்படியே அறவீரனாக இரு. அந்தச் சட்டத்தை எடுத்தவர்களுக்கு என் நன்றி. ஆனால் அது எடுபட முன்னர் அதன்படி விழுந்தவன் ஒருவன் இன்னும் எழும்பவில்லை. எந்தப் பதிப்பும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

வாற சனிக்கிழமை நான் வரமாட்டேன், கள்ளியை யாராவது நடத்துங்கள். நாளைக் காலை கரவெட்டிக்குப் போகிறேன். நாள்காட்டித் தாள் ஒன்று கிழித்து வைத்திருக்கிறேன். இந்த விளையாட்டை மாமிக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன், முதலிலிருந்து, மெதுவாக. அரக்கன், புளியங்கொட்டை, எங்கள் நாய் எல்லாம். மாமி "உதென்ன விசர்க் கதை" என்பா. பரவாயில்லை. ஒன்பது கட்டம் கீறுவேன். மூலைக் கட்டத்தில் விரலை வைத்து, "இதுக்குள்ளை அவன் உங்களைத் தன்னோடை வைச்சிருந்தவன் மாமி" என்று தொடங்குவேன். அழிறப்பர் வரைக்கும் நான் அழாமல் சொல்லி முடித்தால், பிறகு கிளிநொச்சிக்கு மச்சானுக்குப் போன் எடுத்து, அதை மாமியின் கையில் கொடுப்பேன்.